ஆறு ஈரத்துணி

டயப்பரா துணியா என்கிற சண்டை எங்கள் வீட்டில் பிள்ளை பிறக்கும் முன்பே தொடங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் அஜீஷ் கொச்சி கார்ப்பரேஷன் குப்பை லாரி ஓட்டுகிறவர். அவருடைய அக்கா மஞ்சுஷா, எனக்கு மைனி, வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் வாங்கி வரும் பெண்கள் குழுவில் இருக்கிறார். அவர்களுடைய அப்பாவும் துப்புரவு வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து இங்கேயே தங்கிப்போனவர்தான். ஊரார் தூக்கி எறிவது எல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது என்று எங்கள் வீட்டுக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது. தெரிந்து கிழித்த லட்சணத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

எனக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது அஜீஷ் தன் பழைய வேட்டிகளைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு கத்தரிக்கோலோடு உட்கார்ந்தார். சதுரம் சதுரமாக இருபத்துநான்கு துண்டு வெட்டினார்.

"பேச்சி, கொச்சுக்கு இது மதி. நான் தெனம் வண்டியில ஏத்துற சாதனத்துல பாதி டயப்பராக்கும். தண்ணி குடிச்சு வீங்கிக் கெடக்கும். மக்கவும் செய்யாது, எரியவும் செய்யாது. நம்ம கொச்சுக்கு அது வேண்டாம்," என்றார். கொச்சு என்றால் குழந்தை, மதி என்றால் போதும்; இந்த வீட்டுத் தமிழில் பாதி மலையாளம்.

"துவைக்கது யாரு?"

"நான் துவைக்கேன்."

"ஒங்க பனியன நீங்க துவைச்சு நான் பாத்ததில்ல."

அவர் சிரித்தார். எனக்கு அப்போதெல்லாம் சண்டை போடத் தெம்பு இருந்தது. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போவதுதான் முறை. சங்கரன்கோவில் பக்கம் எங்கள் வீட்டில் அம்மா இல்லை, அப்பாவும் தம்பியும்தான். போயிருந்தால் பிள்ளையைப் பெற்ற கையோடு அந்த இரண்டு பேருக்கும் நான்தான் சோறு பொங்கியிருக்க வேண்டும். அதனால் இங்கேயே இருந்துவிட்டேன். மைனி கல்யாணம் செய்துகொள்ளாதவர். பிள்ளை வளர்த்துப் பழகிய கை என்று எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

ஜூன் கடைசியில், மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் பிறந்தது. பெண். சுற்றி எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்தார்கள். பார்த்தேன். மூக்கு இருந்தது, விரல்கள் இருந்தன. அடுத்த கட்டில்காரி தன் பிள்ளையைப் பார்த்து அழுதாள், சிரித்தாள், அதன் காலை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நானும் வரும் வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது நம்முடையதாகவே தெரியாதே, அப்படி இருந்தது. அந்த ஊசி சாயங்காலத்துக்குள் விட்டுவிடும். எனக்கு விடவே இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்பார்கள். நானே வேறு ஒருத்தியை அப்படிச் சொல்லக்கூடியவள்தான்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், துணி வேண்டாம், டயப்பர் வாங்கி வாருங்கள் என்று அஜீஷிடம் சொன்னேன். மழையில் எதுவும் காயாது, இருப்பது ஒரே குழாய், தையல் போட்ட உடம்பு என்று காரணங்களை அடுக்கினேன். எல்லாமே உண்மைதான். ஆனால் அதற்காகக் கேட்கவில்லை. துணி என்றால் அரை மணிக்கு ஒருதரம் பிள்ளையைத் தூக்க வேண்டும், தொட வேண்டும், துடைக்க வேண்டும், அது என் முகத்தைப் பார்க்கும். டயப்பர் என்றால் கட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் கேட்டேன். அஜீஷ் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சு பேசாமல் கடைக்குப் போனார். வேட்டித் துண்டுகள் பெட்டிக்குள் போயின.

மைனிதான் முகத்தைச் சுளித்தார்.

"இது நாங்க எடுக்க மாட்டோம் பேச்சி. இதுக்கான வண்டி வேற. வாரத்துல ஒரு நாளுதான் வரும். அதுவரைக்கும் வீட்டுலதான் வைக்கணும்."

பின்பக்கம் மூடி போட்ட வாளி ஒன்றை வைத்தார். குப்பை வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் நாற்றம் அடிக்கிறது என்று எதிர்வரிசையில் ஒருத்தி வாய் திறந்துவிடக் கூடாது, அது மைனிக்கு உயிர் போகிற விஷயம். அதனால் ஒரு சட்டம் போட்டார். ஒரு நாளைக்கு மூன்று டயப்பர். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, அந்திக்கு ஒன்று. இடையில் ஆய் போனால் மட்டும் கூட ஒன்று. எனக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. சரி மைனி என்றேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் அவரிடம் அத்தனை சுலபமாகச் சரி என்று சொன்னதே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கழற்றும் டயப்பர் கனமாகவே இருக்காது. மைனி அதைக் கையில் தூக்கிப் பார்ப்பார்.

"கனமே இல்லல்லோ. நல்ல சாதனமாக்கும். கூடக் காசு கொடுத்தாலும் இதுதான் வாங்கணும்."

அஜீஷும் தலையாட்டுவார். நானும் தலையாட்டினேன். ஒருத்தர் நாள் முழுக்கக் குப்பையை எடைபோட்டுக் கட்டுகிறவர், ஒருத்தர் குப்பை லாரியே ஓட்டுகிறவர். அத்தனை அனுபவமும் சேர்ந்து, டயப்பர் காலியாக வருகிறதே, பிள்ளைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. நாங்கள் டயப்பரைத்தான் பாராட்டிக்கொண்டிருந்தோம்.

பிள்ளை அழவும் இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் தங்கமான பிள்ளை, சத்தமே காட்டவில்லை என்றார்கள். தூங்கியது. தூங்கிக்கொண்டே இருந்தது. பசித்தால் அழும் என்று விட்டுவிட்டேன். அழவில்லை என்றால் பசிக்கவில்லை என்றுதானே அர்த்தம். எழுப்பி எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுப்பியிருப்பேனா, சந்தேகம்தான்.

இருபத்து மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஆஷா என்கிற சுகாதார வேலை பார்க்கிற ஓமனா சேச்சி வந்தார். வார்டில் பிள்ளை பெற்ற வீடுகளை எல்லாம் பார்க்கிறவர் அவர்தான். அஜீஷ் லாரியோடு போயிருந்தார், மைனியும் வேலைக்குப் போய்விட்டார். சேச்சி நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டுப் பையிலிருந்து தூக்குத் தராசை எடுத்தார். பிள்ளையை அதன் துணித் தொட்டிலில் வைத்துத் தூக்கினார். முள்ளைப் பார்த்தார். இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தார். பிறகு என் கார்டைப் பார்த்தார்.

"பிரசவத்துல ரெண்டு எண்ணூறு. இப்போ ரெண்டு அறுநூறு," என்றார். "மோளே, கொச்சு ஒரு நாளு எத்தற தடவ மூத்ரம் ஒழிக்கும்?"

பிள்ளையின் இடுப்பைக் காட்டினேன்.

"டயப்பர்தான் கட்டுதோம்," என்றேன்.

"அது கண்டு. நான் கேட்டது அதல்ல. எத்தற தடவ?"

"மூணு டயப்பர்."

"டயப்பர் எண்ணம் வேண்டா மோளே. கொச்சு எத்தற தடவ ஒழிக்கும்?"

எனக்குத் தெரியாது. இருபத்து மூன்று நாளாக ஒரே அறையில் அதோடு கிடக்கிறேன், எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னேன். சேச்சி திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், அதோடு போயிருக்கும். அவர் விரலைக் கழுவிப் பிள்ளையின் வாயில் வைத்துப் பார்த்தார். கண்ணை விலக்கிப் பார்த்தார். உள்ளங்காலைச் சுண்டினார். பிள்ளை சிணுங்கியது.

"சப்புந்நுண்டு. விளிச்சா எழுந்நேக்குந்நுண்டு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சப்புகிறது, கூப்பிட்டால் முழிக்கிறது என்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பிறகு எனக்குப் புரிவதற்காக மெதுவாகத் தமிழ் கலந்து பேசினார். "பால் போதல. கொச்சு தளர்ந்து ஒறங்குது, அதான் அழல. நீ நல்ல கொச்சுன்னு நினைச்சு. இன்னைக்கு டயப்பர் வேண்டா. துணி கட்டு. ரெண்டு மணிக்கூருக்கு ஒரு தடவ எழுப்பிப் பால் கொடு, ரெண்டு பக்கமும். மூத்ரம் ஒழிச்ச துணிய எல்லாம் கழுவிக் கொடியில இடு, எடுக்காத. நாளைக்குக் காலையில வந்து நான் எண்ணும். ஆறு வேணும். ஆறு இல்லேன்னா நேரே அட்மிட். ஆறு இருந்தாலும் டாக்டரக் காணிக்கணும்."

"சரி சேச்சி."

"பன்ரெண்டு மணிக்குள்ள ஒண்ணும் ஒழிக்கல, அல்லேன்னா கொச்சு எழுந்திரிக்கல, அப்பவே என்னை விளிக்கணும். நான் ஆட்டோ கொண்டு வரும். கேட்டோ?"

கேட்டது. சேச்சி குடையை விரித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்ததே என்று எனக்கு வியப்பாக இருந்தது, அது வரும் வழியெல்லாம் அடைத்துப்போய்விட்டது என்றே நினைத்திருந்தேன்.

பெட்டியைத் திறந்து வேட்டித் துண்டுகளை எடுத்தேன். அந்தப் பாழாய்ப்போன மழையில் பெட்டிக்குள் இருந்த துணியும் சில்லென்று கிடந்தது. ஒன்றைக் கட்டினேன். பிள்ளையை எடுத்துப் பால் கொடுத்தேன். நாலு வாய் குடித்துவிட்டுத் தூங்கியது. உள்ளங்காலைச் சுண்டினேன். இரண்டு வாய் குடித்தது. மறுபடி சுண்டினேன். பால் தொண்டையில் இறங்குகிறதா என்று கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்ப்பது முதல் தடவை. கழுத்து மடிப்பில் பழைய பால் காய்ந்து சிவந்திருந்தது. அதைக்கூட நான் பார்த்திருக்கவில்லை.

பத்தே கால். துணியைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமா சில்லிப்பா என்று தெரியவில்லை. பத்தரைக்குத் தொட்டேன். அதேதான். பத்தே முக்காலுக்கு அவிழ்த்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குளிர்ந்த மாதிரி இருந்தது. மோந்து பார்த்தேன். பெட்டிக்குள் இருந்த பூஞ்சை வாடைதான் அடித்தது. வேண்டுமானால் அதை ஒன்று என்று கொடியில் போட்டிருக்கலாம், கேட்பதற்கு ஆள் இல்லை. போடவில்லை. நான் வாய்க்காரிதான், ஆனால் இதில் கள்ளக் கணக்குக் காட்டும் அளவுக்குக் கேடுகெட்டவள் இல்லை. அந்தத் துணியை மூலையில் எறிந்தேன்.

இஸ்திரிப் பெட்டியைச் சொருகினேன். துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். ஆவி வந்தது. சூடாக ஒன்றைக் கட்டலாம், சூடு ஆறட்டும் என்று விரித்து வைத்தால், கைப்பிள்ளைக்குத் தாங்கும் அளவுக்குச் சூடு ஆறுவதற்குள் மட்டாஞ்சேரிக் காற்று அதை மறுபடி சில்லாக்கிவிட்டது. கொச்சியில் மழைக்காலத்தில் காய்ந்த பொருள் என்று ஒன்று கிடையாது. எதிர்ப்பக்கம் கிடங்கில் சுக்கு மூட்டையைக்கூடத் தார்ப்பாய் போட்டுப் போட்டு எடுக்கிறார்கள்.

பதினொன்று இருபது. இன்னும் நாற்பது நிமிஷம். பிள்ளை கண்ணை மூடிக் கிடந்தது. அதன் வயிறு ஏறி இறங்கியது. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, இது போய்விட்டால் என்று நினைத்தேன். ஊர் என்ன சொல்லும், அஜீஷ் என்ன சொல்வார் என்று ஒன்றும் தோன்றவில்லை. இன்றைக்கு இது என்னால் சாகப்போகிறது, இதற்குப் பசி என்று ஒன்று இருந்ததை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்காமல் இருந்துவிட்டேன், அது ஒன்றுதான் தோன்றியது. கண்ணீர் வரும் என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை.

கட்டியிருந்த துணியை உருவி எறிந்தேன். எந்தத் துணியையும் நம்புவதற்கில்லை. என் மேல் கிடந்த நைட்டி ஒன்றுதான் என் உடம்புச் சூட்டில் காய்ந்து இருந்தது. தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை வெறும் உடம்பாக மடியில் போட்டு மாரோடு சேர்த்துக்கொண்டேன். அப்படி ஒன்றுமில்லாமல் அதை நான் எடுத்ததே கிடையாது. அதன் முதுகெலும்பு என் கைக்குத் தட்டுப்பட்டது. கோழிக்குஞ்சைத் தூக்கினால் கையில் இருப்பது போல அவ்வளவு கொஞ்சமாக இருந்தது. இந்தப் பக்கம் கொடுத்தேன். சுண்டி எழுப்பி அந்தப் பக்கம் கொடுத்தேன். மறுபடி இந்தப் பக்கம். அது இப்போது கொஞ்சம் பிடித்துக் குடித்தது. எனக்கு வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தேன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம். போன் எட்டாத இடத்தில் அலமாரி மேல் இருந்தது. எழுந்துவிடலாம் என்று ஒரு கையை ஊன்றினேன்.

அப்போது தொடையில் சூடாக ஏதோ பட்டது.

முதலில் ஒரு பொட்டு. அப்புறம் பரவியது. நைட்டியில் இறங்கி, தொடை வழியாக ஓடி, தரைக்குப் போயிற்று. நல்ல சூடு. இத்தனை சின்ன உடம்புக்குள் இத்தனை சூடு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. நான் அசையவில்லை. அசைந்தால் நின்றுவிடும் என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். அது முழுவதும் போய் முடித்துவிட்டு, என்னமோ பெரிய வேலை பார்த்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டது.

"ஏட்டி," என்றேன்.

எங்கள் ஊரில் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம், தங்கச்சியை, சிநேகிதியை, சண்டைக்காரியை. இருபத்து மூன்று நாளில் இதை நான் எப்படியும் கூப்பிட்டதில்லை. பிள்ளை என்றுதான் அடுத்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அதனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஏட்டி, என்னயப் போட்டு இப்பிடிப் பயங்காட்டுத. ஒனக்கு வாயி இல்லையா. பசிச்சா கத்த வேண்டியதுதான. ஒங்காத்தாளுக்கு எம்புட்டு வாயி, நீ யாருக்குட்டி பெறந்த," என்று பேசிக்கொண்டே போனேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. நல்லாவே அழுதேன். தொடையில் சூடு ஆறிக் குளிரத் தொடங்கியது, அப்போதும் எழவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அலமாரி மேல் போன் அடித்தது. அடித்துக்கொண்டிருக்கும்போதே மைனி சாப்பிட வந்தார். கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தார். ஓமனா சேச்சி சொன்னதைக் கேட்டார். மைனியின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"ஒழிச்சோன்னு கேக்காங்க," என்றார்.

"ஒழிச்சுட்டா மைனி."

போனை வைத்துவிட்டு மைனி என் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தார். சுத்தம் சுத்தம் என்று உயிரை எடுக்கிற ஆள்.

"கனமே இல்லன்னு நான் சொன்னேனே பேச்சி. நாலு பேருகிட்டயும் சொன்னேனே," என்றார்.

"நானும்தான தலையாட்டுனேன்."

"எழுந்திரு. நைட்டிய மாத்து, ஜலதோஷம் பிடிக்கும்."

"கொஞ்சம் இருங்க மைனி."

மத்தியானம் அஜீஷ் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். டயப்பர் கேட்ட உண்மைக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னேன். பிள்ளை பிறந்ததிலிருந்து அதன் மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை, மழை சும்மா ஒரு சாக்கு என்றேன். அவர் குளித்துவிட்டு வந்து இஸ்திரிப் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். துண்டு துண்டாகத் தேய்த்தார். தேய்த்ததை மடித்து அடுக்கினார்.

"நாளைக்கு டாக்டர்ட்ட அதையும் பறையலாம்," என்றார். "கொச்சுக்கு மாத்திரம் அல்ல. ஒனக்கும் சேத்து."

அவ்வளவுதான் சொன்னார். நான் பயந்த வார்த்தை எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அன்றைக்கு மூன்று பேரும் மாறி மாறித் துணியைத் தொட்டுப் பார்த்தோம். நனைந்ததை அஜீஷ்தான் கழுவினார். பனியன் துவைக்காதவர் அதைத் துவைத்தார், அதுவும் ஒழுங்காக.

மறுநாள் காலை ஓமனா சேச்சி ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நேராகக் கொடியைப் பார்த்து, விரலை நீட்டி எண்ணினார். எதுவும் காய்ந்திருக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் பரீட்சை எழுதிய பிள்ளைகள் போலச் சுவரோரம் நின்றோம். டாக்டரிடம் போகிற வழிக்கென்று அவளுக்கு ஒரு டயப்பர் கட்டியிருந்தேன், அது வேறு உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. கழற்றியதும் கையில் வைத்துக் கனம் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அஞ்சே உள்ளூ," என்றார் சேச்சி. முகம் இறுகியது. "ஆறு வேணும்னு பறஞ்சதல்லே மோளே."

கொடியின் கடைசியில், சுவர் ஆணியோடு சேர்ந்து, நீலப் பூப்போட்ட என் நைட்டி தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைக் காட்டினேன்.

"அதயும் சேத்து எண்ணுங்க சேச்சி. மொத ஒண்ணு அதுதான்."